வேலையில் ஒரு கேள்வி நகர மறுத்தால்: வழிகளைத் தேடி எடுக்க முழுமையான வழிகாட்டி

யாங்கோனில் நம்மவர்கள் நடத்தும் ஏற்றுமதி அலுவலகங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கணக்கிலும் கம்ப்யூட்டரிலும் அதிகம் தடுமாறுவதில்லை. பதில் தெரியாத கேள்வி ஒன்று எதிரே வந்து நிற்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். சிலர் வாயடைத்துப் போகிறார்கள். சிலர் தோன்றிய முதல் யோசனையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வேலையின் வரிசை மாறிப்போகிறது. யோசனை தேடுவது நான்காவது வேலை. முதல் மூன்றையும் செய்யாமல் அங்கே குதித்தால் பழைய யோசனைகளே திரும்பத் திரும்ப வரும்.

கடைசி வரை ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். இதில் வரும் அளவுகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. சென்னைப் பார்ட்டிக்கு, அதாவது வாங்குபவருக்கு, 96 டன் எஸ்.கியூ. (உயர்தர) உளுந்து போக வேண்டும். நான்கு கன்டெய்னர், வெள்ளிக்கிழமைக் கப்பல். இன்று திங்கட்கிழமை காலை. 60 டன் கலர் சார்ட்டரில் (நிறம் பார்த்துக் கழிவைப் பிரிக்கும் மெஷின்) ஓடி மூட்டை கட்டியாகிவிட்டது, 36 டன் பாக்கி. மெஷின் மணிக்கு 3 டன் எடுக்கும். மில் ஜெனரேட்டர் பழுது. கரண்ட் 4 மணி நேரம் வரும், 8 மணி நேரம் போகும். கன்டெய்னரில் ஏற்றும் வேலை புதன் காலையில். திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையும் நெருங்குகிறது. அதற்குள் கிளம்பாத சரக்கு கிடங்கிலேயே கிடக்கும்.

முன்கூட்டியே தேவைப்படுபவை

பேனா, வெள்ளைத்தாள், தடங்கல் இல்லாத ஒரு மணி நேரம். போனைத் தள்ளி வைத்துவிடுங்கள். பிரச்சினைக்குரிய மூலத்தாள்களை மேஜைமேல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒப்பந்தம், எல்.சி. (சரியான ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) நகல், கிடங்குக் கணக்கு. “எனக்குத்தான் தெரியுமே” என்று நினைக்க வேண்டாம். ஞாபகத்திலிருந்து வேலை செய்தால், போன சரக்கின் ஷரத்து இந்தச் சரக்கின் ஷரத்தாக மாறிவிடும்.

முடிவு யார் கையில், எந்த நேரத்துக்குள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முடிவு முதலாளியுடையது என்றால் உங்கள் வேலை வழிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான். இது தெளிவானதும் மனதில் பாதிப் பயம் போய்விடும்.

1. எந்த வகையான சிக்கல் என்று முதலில் பாருங்கள்

வேலையில் சிக்கி நிற்பது மூன்று வகை. ஒன்று, தேவையான தகவல் கையில் இல்லை. இரண்டு, என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், ஆனால் செய்யத் தயக்கம். பார்ட்டியிடம் கெட்ட செய்தி சொல்வது போல. மூன்று, எல்லாத் தகவலும் இருந்தும் வழி தெரியவில்லை.

இந்த வழிகாட்டி மூன்றாவது வகைக்கு மட்டும்தான். முதல் வகைக்கு மருந்து ஒரு போன். இரண்டாவதுக்கு மருந்து, அந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று நான்கு வரி எழுதிப் பார்த்துவிட்டு உடனே சொல்லிவிடுவது. தகவல் இல்லாதபோது யோசனை தேடி அரைநாளைப் போக்குவதைத்தான் புதியவர்களிடம் அதிகம் பார்க்கிறேன். கப்பல் எத்தனை மணிக்குக் கன்டெய்னரை ஏற்பதை நிறுத்துகிறது என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. துறைமுக, சுங்க வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜென்டைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

2. தெரிந்தது ஒரு பக்கம், நினைப்பது ஒரு பக்கம்

தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம், தாளிலோ கண்ணாலோ பார்த்து உறுதி செய்தவை. வலப்பக்கம், எல்லோரும் சொல்வதால் உண்மை என்று எடுத்துக்கொண்டவை. எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் வலப்பக்கமே எழுதுங்கள்.

இந்தப் படியில் நேரம் போனாலும் பரவாயில்லை. மாட்டிக்கொண்ட கேள்விகளில் பாதிக்கு மேல் வலப்பக்க வரி ஒன்று உடைந்ததும் தானே நகர்ந்துவிடும் என்பது என் அனுபவம். நம் உதாரணத்தில் வலப்பக்கம் இப்படி வரும்:

“வெள்ளிக்கிழமைதான் கடைசி.” “96 டன்னும் குறையாமல் போக வேண்டும்.” “நான்கு கன்டெய்னரும் ஒரே கப்பலில் போக வேண்டும்.” “மெஷின் பகலில் மட்டும்தான் ஓடும்.”

இப்போது ஒவ்வொன்றுக்கும் தாளைத் திறந்து பாருங்கள். எல்.சி.யில் சரக்கு ஏற்றக் கடைசித் தேதி என்ற இடத்தில் ஏப்ரல் 10 என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை நாம் புக் செய்த கப்பலின் தேதி மட்டுமே. அலுவலகத்தில் எல்லோரும் “வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை” என்று சொல்லிச் சொல்லி அது கடைசித் தேதியாக ஆகிவிட்டது.

அடுத்தது அளவு. எல்.சி. யு.சி.பி. 600 விதிகளுக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தால் (சர்வதேச வர்த்தகச் சபையின் விதிகள், 2007 ஜூலை முதல் நடப்பில் உள்ளவை), அளவில் 5 சதவீதம் கூடவோ குறையவோ இடம் உண்டு. இரண்டு நிபந்தனைகள்: அளவை மூட்டை எண்ணிக்கையாகக் குறித்திருக்கக் கூடாது, கேட்கும் பணம் எல்.சி. தொகையைத் தாண்டக் கூடாது. ஆக “96 டன்” என்று இருந்தால் 91.2 டன் அனுப்பினாலும் செல்லும். “1,920 மூட்டை” என்று இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. எல்.சி.யே அளவைப் பற்றித் தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதுதான் நிற்கும். ஒரே சரக்கு, எழுதிய விதத்தில் இவ்வளவு வித்தியாசம். அதனால்தான் தாளைத் திறக்கச் சொல்கிறேன்.

மூன்றாவதும் அதே விதிகளில் இருக்கிறது. எல்.சி. தடுக்காதவரை சரக்கைப் பிரித்து அனுப்பலாம்.

நான்காவது, மெஷின். கரண்ட் வரும் நேரம் காலை 9 முதல் 1 வரை, இரவு 9 முதல் 1 வரை. பகலில் மட்டும் ஓட்டினால் திங்களும் செவ்வாயும் சேர்த்து 8 மணி நேரம், 24 டன். இரவும் ஓட்டினால் 16 மணி நேரம், 48 டன். பாக்கி 36 டன்தானே? மெஷினுக்கு இரவு பகல் தெரியாது. பகலில் மட்டும் என்பது ஆட்கள் வரும் நேரத்தை வைத்து நாம் போட்டுக்கொண்ட எல்லை.

இங்கே பொதுவாக நடக்கும் தவறு: இடப்பக்கத்தை மட்டும் நிரப்பிவிட்டு, “விஷயங்களை எழுதிவிட்டேன் அண்ணே” என்று வந்து நிற்பது. இடப்பக்கம் ஏற்கெனவே தெரிந்ததுதான். வலப்பக்கத்தில் நான்கு வரியாவது இல்லாவிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

3. கேள்வியைத் திருத்தி எழுதுங்கள்

பெரும்பாலான கேள்விகள் பதிலை வயிற்றில் வைத்துக்கொண்டே வருகின்றன. “ஜெனரேட்டரை எப்படிச் சீக்கிரம் பழுது பார்ப்பது?” என்று கேட்டால், ஜெனரேட்டர்தான் வழி என்று முன்பே முடிவு செய்துவிட்டோம். பிறகு வரும் யோசனை எல்லாம் மெக்கானிக்கைச் சுற்றியே ஓடும்.

திருத்துவதற்கு, கேள்வியைப் பார்த்து “இது எதற்காக?” என்று கேளுங்கள். ஜெனரேட்டர் எதற்கு? மெஷின் ஓட. மெஷின் எதற்கு? 36 டன் சுத்தமாக. அது எதற்கு? பார்ட்டிக்கு ஒப்புக்கொண்ட தரத்தில், எல்.சி. தேதிக்குள், பணம் தடையில்லாமல் வரும்படி சரக்கு போய்ச் சேர. இங்கே நிறுத்துங்கள். இதற்கும் மேலே போனால் “லாபம் வர”, “கம்பெனி நிலைக்க” என்று வரும். அந்த உயரத்தில் எந்த யோசனையும் பிறக்காது. உங்களால் அடுத்த இரண்டு நாளில் ஏதாவது செய்ய முடிகிற உயரம்தான் சரியான உயரம்.

நம் கேள்வி இப்படி ஆகும்: “ஏப்ரல் 10க்குள், எஸ்.கியூ. தரத்தில், குறைந்தது 91.2 டன் உளுந்தைக் கப்பலேற்ற என்னென்ன வழிகள் இருக்கின்றன?” “என்னென்ன” என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். “செய்யலாமா, வேண்டாமா” என்று முடியும் கேள்வியில் இரண்டே பதில்கள். அதில் ஒன்று எதுவும் செய்யாமல் இருப்பது. அப்படிப்பட்ட கேள்வி கையில் வந்தால் வாங்கிக்கொண்டு, “என்னென்ன வழிகள்” என்று மாற்றி எழுதிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

சரக்கு வியாபாரத்தில் மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பார்க்கும் தம்பி தாய்லாந்துக்கு வேலைக்குப் போகிறான். “அவனைப் போல ஆளை எங்கே பிடிப்பது?” என்பது அலுவலகத்தில் எழும் கேள்வி. இன்றைய யாங்கோனில் அந்தக் கேள்விக்குச் சுலபத்தில் பதில் கிடைக்காது. “அவன் செய்த வேலைகளில் எது எது, யார் யார் கையில் போனால் மாதக் கடைசிக் கணக்கு தவறாமல் முடியும்?” என்று மாற்றிப் பாருங்கள். உடனே வேலைகளைப் பட்டியல் போடக் கை தானே போகும்.

4. தனியாக உட்கார்ந்து, எழுதி, வழிகளை எடுங்கள்

இப்போதுதான் யோசனைக்கு நேரம். இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், பத்து வழியாவது எழுதுங்கள். ஐந்தில் நிறுத்தினால் புதியது எதுவும் வராது. முதலில் வருவதெல்லாம் போன முறை செய்தவைதான். லுச்சின்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 1942இல் வெளியிட்ட தண்ணீர்ச் சாடிப் பரிசோதனை இதைக் காட்டியது: ஒரே முறையில் சில கணக்குகளைப் போட்டுப் பழகியவர்கள், அடுத்த கணக்குக்குச் சுருக்கமான வழி கண்முன் இருந்தும் பழைய நீளமான வழியிலேயே போனார்கள். பழக்கம் கண்ணை மறைக்கும். பழையதை எழுதித் தீர்த்த பிறகுதான் புதியதற்கு இடம் கிடைக்கும்.

எழுதும்போது ஒரு வரியையும் அடிக்காதீர்கள். “இது முடியாது” என்று தோன்றினால் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். முடியுமா என்று பார்க்கும் மனமும் புதிதாகத் தேடும் மனமும் ஒரே நேரத்தில் ஓடாது.

வெறுமனே உட்கார்ந்தால் வராது என்பவர்களுக்கு ஒரு பிடி வேண்டும். கேள்வியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் மாற்றிப் பாருங்கள். தேதி? ஏப்ரல் 10க்கு முன் இன்னொரு கப்பல். அளவு? 91.2 டன். இடம்? ஜெனரேட்டர் ஓடுகிற இன்னொரு மில்லில் சில மணி நேரம் வாடகைக்கு. நேரம்? இரவு ஷிப்ட். ஆள்? மெஷினுக்குப் பதில் கையால் பொறுக்கும் பெண்கள். சரக்கு? யாங்கோனின் பயின்னவுங் மொத்தச் சந்தையில் தயார் எஸ்.கியூ. வைத்திருப்பவரிடம் மாற்றிக்கொள்வது. தரம்? பாக்கியை எஃப்.ஏ.கியூ. (சராசரி) தரத்தில் விலை குறைத்து அனுப்பப் பார்ட்டியிடம் கேட்பது. கரண்ட்? ஜெனரேட்டர் வாடகைக்கு.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: எடுத்துவிட என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். எதையாவது கூட்டுவதுதான் நமக்கு முதலில் தோன்றும். இன்னும் ஆள், இன்னும் பணம், இன்னும் மெஷின். குறைத்துச் சரிசெய்யும் வழிகளை மனிதர்கள் பொதுவாகக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று 2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்றும் சொல்கிறது. நம் பட்டியலில் 4.8 டன்னைக் குறைப்பதற்கு ஒரு காசு செலவில்லை. ஆனாலும் அதைக் கேட்காமல் யாரும் எழுதுவதில்லை.

“ஒன்றும் செய்யாமல் விட்டால்” என்பதையும் ஒரு வரியாக, அதன் விலையோடு எழுதுங்கள். மற்ற வழிகளின் செலவு அதிகமா குறைவா என்று சொல்ல அந்த ஒரு அளவுகோல்தான் இருக்கிறது.

5. அதற்குப் பிறகுதான் மற்றவர்களிடம்

பத்துப் பேரை உட்காரவைத்து “ஐடியா சொல்லுங்கள்” என்று தொடங்குவது பலருக்குப் பிடித்த முறை. அதில் கிடைப்பது குறைவு. தனித்தனியாக எழுதியதைச் சேர்த்தால், கூடிப் பேசிய குழுவைவிட அதிக யோசனைகள் வருகின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தில் 1958இலேயே பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பது முக்கியக் காரணம் என்று 1987இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. காத்திருக்கும் நேரத்தில் வந்த யோசனை போய்விடுகிறது.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. முதலாளி முன்னால் சொன்னால் அவருக்குச் சங்கடம், பெரியவர் சொன்னதற்கு மாறாகச் சொன்னால் மரியாதையில்லை என்று பர்மியர்களும் தயங்குவார்கள், நம்மவர்களும் தயங்குவார்கள். அதனால் முதலில் ஒவ்வொருவராகப் போய்க் கேளுங்கள். கூட்டம் வைத்தே ஆகவேண்டும் என்றால் எல்லோரும் தாளில் எழுதட்டும், வயதில் சின்னவர் முதலில் படிக்கட்டும், முதலாளி கடைசியில் பேசட்டும்.

யாரிடம் கேட்பது? பொருளைக் கையால் தொடுகிறவரிடம். மில் மேஸ்திரியிடம் போங்கள், அவருக்கு வசதியான மொழியில் பேசுங்கள். கேட்கும்போது உங்கள் பதிலைச் சொல்லிவிடாதீர்கள். “இரவு ஷிப்ட் போடலாமா அண்ணே?” என்றால் “போடலாம் தம்பி” என்பார், அத்தோடு பேச்சு முடிந்தது. “செவ்வாய் ராத்திரிக்குள் 36 டன் ஓடணும் அண்ணே, உங்க கையில விட்டா என்ன செய்வீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். இரவு 1 மணிக்கு ஆட்கள் வீட்டுக்குப் போக முடியாது, மில்லிலேயே சாப்பாடும் பாயும் வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார். பகலில் அரைகுறையாகச் சுத்தமான மூட்டைகளை முதலில் ஓட்டினால் மெஷின் வேகமாக எடுக்கும் என்பதும் அவரிடமிருந்துதான் வரும். இரண்டும் அலுவலக மேஜையில் பிறக்காத விஷயங்கள்.

அடுத்தவர் கிளியரிங் ஏஜென்ட். அதன் பிறகு, இந்த வியாபாரமே தெரியாத ஒருவர். அவர் கேட்கும் அடிப்படைக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாத இடத்தில் வலப்பக்க வரி ஒன்று ஒளிந்திருக்கும்.

6. இதற்கு நடுவில் மறுபடி நின்றுபோனால்

எழுந்து நடங்கள். ஸ்டான்ஃபோர்டில் 2014இல் வந்த ஆய்வில், நடக்கும்போது பல யோசனைகளைத் தேடும் வேலை நன்றாக வந்தது. ஒரே விடை உள்ள கேள்விகளுக்கு அது உதவவில்லை. ஆகவே வழிகளைத் தேட நடக்கலாம், டன் கணக்குக்கு உட்கார வேண்டும். நடந்தும் வரவில்லையென்றால் இரண்டாவது படிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஏதோ விடுபட்டிருக்கும்.

7. சேர்த்து, வெட்டி, மூன்றாக்குங்கள்

வெட்டுவதற்கு முன் சேர்த்துப் பாருங்கள். பல வழிகள் தனியாக நொண்டும், இரண்டு சேர்ந்தால் நடக்கும். பகலோடு இரவு ஷிப்டை மட்டும் சேர்த்தால், கிடைக்கும் 16 மணி நேரத்தில் 36 டன்னுக்கு 12 மணி நேரம் வேண்டும். கரண்ட் ஒரு முறை ஏமாற்றினால் மிச்சம் ஒன்றும் இல்லை. 91.2 டன் என்று குறைத்துக்கொண்டால் பாக்கி 31.2 டன், சுமார் பத்தரை மணி நேரம். கையில் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கிறது.

பிறகு கட்டாய நிபந்தனைகளை வைத்து வெட்டுங்கள். எஃப்.ஏ.கியூ. அனுப்பினால் எல்.சி.யில் எழுதிய தரத்துக்கு மாறாகிவிடும், வங்கி ஆவணங்களைத் தள்ளும். திருத்த வேண்டுமானால் எல்.சி. திறந்த வங்கியும், உறுதி கொடுத்த வங்கி இருந்தால் அதுவும், நாமும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதைத் தொடங்கிவைக்க வேண்டியவர் சென்னைப் பார்ட்டி. புதன்கிழமைக்குள் இதை நம்பி இருக்க முடியாது. கையால் பொறுக்குவது இந்த அளவுக்கு எட்டாது. இப்படி வெட்டிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதிவையுங்கள். நாளை நிலைமை மாறினால் எதைத் திரும்ப எடுக்கலாம் என்று உடனே தெரியும்.

மிஞ்சுவது மூன்று: சொந்த மில்லில் இரவு ஷிப்டோடு 91.2 டன், இன்னொரு மில்லில் வாடகை நேரம், இப்போது தயாராக உள்ளதில் 48 டன்னை இரண்டு கன்டெய்னரில் வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டு, மீதியை 10ஆம் தேதிக்கு முந்தைய கப்பலில் அனுப்புவது. மூன்றும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கின்றனவா என்று பாருங்கள். “இந்த மெக்கானிக், அந்த மெக்கானிக், பெரிய மெக்கானிக்” என்று மூன்று எழுதினால் அது ஒரே வழிதான்.

ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயங்கள் எழுதுங்கள்: இது நடக்க எது உண்மையாக இருக்க வேண்டும், என்ன செலவு, பாதியில் திரும்ப முடியுமா, முதல் போன் யாருக்கு. பிறகு ஒரு முறை இப்படி நினைத்துப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, இந்த வழி தோற்றுவிட்டது, ஏன் தோற்றது? “தோற்குமா?” என்று கேட்டால் எல்லோரும் தைரியம் சொல்வார்கள். தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டால் காரணங்கள் வரிசையாக வரும். 10ஆம் தேதிக்கு முந்தைய கப்பலில் இடம் இருக்கிறதா என்று யாருமே கேட்கவில்லை என்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வெளியே வரும்.

8. சின்னதாகச் சோதியுங்கள், பிறகு கொண்டுபோங்கள்

மூன்றில் எது சரி என்று பேசிக்கொண்டே இருப்பதைவிட, மலிவாகச் சோதிக்கக்கூடியதை உடனே தொடங்குங்கள். இன்று பகல் கரண்ட் கையில் இருக்கிறது, அதில் 12 டன் ஓடிவிடும். இரவு ஷிப்ட் இன்று ஒரே ஒரு முறை. அதுவும் 12 டன் என்றால் திட்டம் நிற்கும். தொடங்கும் முன்பே கைவிடும் எல்லையையும் எழுதுங்கள்: “இரவு 1 மணிக்குள் 8 டன்னாவது ஓடாவிட்டால், செவ்வாய் காலை 8 மணிக்கு லாரி இன்னொரு மில்லுக்குக் கிளம்பும்.” இந்த எல்லையை முன்னதாகவே எழுதச் சொல்வதற்குக் காரணம், தூக்கமில்லாத நேரத்தில் யாருக்கும் நிதானமாக முடிவெடுக்க வராது. எல்லை எழுதியிருந்தால் இரவில் மேஸ்திரியே முடிவு செய்யலாம், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

இதற்கிடையில் மற்ற இரண்டு வழிகளும் சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை மில்லுக்கு ஒரு போன், பின்னால் வரும் கப்பலில் இடம் கேட்டு ஏஜென்டுக்கு ஒரு போன். சென்னைப் பார்ட்டிக்கும் இன்றே சொல்லிவையுங்கள். சென்னை நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். காலையில் 10 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே 9 மணி, ஆபீஸ் திறந்திருக்காது. பதினொன்றரைக்கு மேல் கூப்பிடுங்கள்.

முதலாளியிடம் போகும்போது ஒரே தாள். மேலே திருத்திய கேள்வி. அதன் கீழே மூன்று வழிகள், அவற்றின் செலவு, திரும்ப முடியுமா என்பது. பிறகு உங்கள் சிபாரிசு, ஒரு வரிக் காரணம். கடைசியில் “இன்று மதியம் 2 மணிக்குள் உங்கள் முடிவு வேண்டும், அதற்குப் பிறகு இரவுக்கு ஆள் பிடிக்க முடியாது” என்று தெளிவாக எழுதுங்கள். வெறும் பிரச்சினையை மட்டும் கொண்டுபோனால் அவர் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே ஒரு வழியை மட்டும் கொண்டுபோனால் அவருக்கு மிஞ்சுவது சரி சொல்வதும் மறுப்பதும்தான். மூன்றாவது படியில் நாம் ஒதுக்கிவைத்த அந்தக் கேள்வியே திரும்ப வந்துவிடும்.

சரக்கு கிளம்பிய பிறகு அந்தத் தாளை எறிய வேண்டாம், கோப்பில் போடுங்கள். வலப்பக்கத்தில் எந்த வரி பொய்த்தது என்று ஒரு வட்டம் போட்டுவையுங்கள். அடுத்த சீசனில் எல்.சி. ஒப்பந்தம் பேசும்போது அளவை டன்னில் எழுதச் சொல்லிக் கேட்க அந்த வட்டம் ஒன்றே போதும்.